‘இல்லை’ என்று எப்போது சொல்லலாம்?



“இந்தக் காற்றில் அந்த நச்சுப்பொருள் இல்லை” என்று ஒருவர் அறிக்கை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே நம்பிவிடலாமா? நம்புவதற்கு முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி. “ஐயா, எவ்வளவு குறைவாக இருந்தால் உங்கள் கருவிக்குத் தெரியும்?” என்பதே அக்கேள்வி. இதற்குப் பதில் இல்லாத அறிக்கை, என் கணக்கில், பாதி அறிக்கைதான். வீட்டில் அரிசி நிறுக்கும் தராசில் ஒரு தலைமுடியை வைத்துப் பாருங்கள். முள் அசையாது. அதனால் முடிக்கு எடையே இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஆனால் காற்றைப் பற்றியும், விண்வெளியைப் பற்றியும், குடிக்கும் நீரைப் பற்றியும் அப்படித்தான் பல நேரங்களில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில், குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்பதைப் பார்ப்போம். காற்றில் மிக அரிதாகக் கலந்துள்ள பொருள்களை விஞ்ஞானிகள் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் கூட அளக்கிறார்கள். காலக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 31,700 ஆண்டுகளில் ஒரே ஒரு விநாடி! கேட்டால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றுகிறது. அதையே வேறு விதமாகக் கணக்கிடுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், அதாவது உங்கள் விரல் நுனி அளவு காற்றில், சுமார் 2.7 லட்சம் கோடிக் கோடி மூலக்கூறுகள் உள்ளன. அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்றால் 2 கோடியே 70 லட்சம் மூலக்கூறுகள். சின்னஞ்சிறு இடத்தில் ஒரு பெருநகரின் மக்கள்தொகையையே மிஞ்சும் கூட்டம்! ‘மிகக் குறைவு’ என்பதும் ‘மிக அதிகம்’ என்பதும் நாம் எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கின்றன.

இவ்வளவு சிறிய பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் எனக்கு மிகவும் பிடித்த கருவி ஒன்று உண்டு. 1957-ல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி உருவாக்கிய எலெக்ட்ரான் கவர்வு உணர்கருவிதான் அது. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய சிறிய பொருள். பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை என்பது என் நெடுநாள் குறை.

அது வேலை செய்யும் விதம் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கும். ஒரு சிறு உலோக அறை. அதற்குள் பீட்டாக் கதிர்களை வெளியிடும் கதிரியக்கப் பொருள் சிறிதளவு. அறை வழியே தூய நைட்ரஜன் வாயு மெதுவாகச் சென்றுகொண்டிருக்கிறது. பீட்டாக் கதிர்கள் நைட்ரஜன் மூலக்கூறுகளை மோதி அவற்றிலிருந்து எலெக்ட்ரான்களை உதிர்க்கின்றன. நைட்ரஜனுக்கு எலெக்ட்ரான்கள்மேல் ஆசை கிடையாது. உதிர்ந்தவற்றை அது திரும்பப் பிடித்துக்கொள்வதில்லை. ஆகவே இந்தச் சுதந்திர எலெக்ட்ரான்கள் நேர்மின்வாயை நோக்கி ஓடுகின்றன. சிறியதொரு மின்னோட்டம் ஒரே சீராகப் பாய்கிறது. இப்போது குளோரின், ஃப்ளூரின் போன்ற அணுக்கள் கொண்ட மூலக்கூறு ஒன்று உள்ளே நுழைகிறது. இவை எலெக்ட்ரானைக் கண்டால் விடமாட்டா. கப்பென்று கவர்ந்துகொண்டு எதிர்மின் அயனிகளாகிவிடும். எலெக்ட்ரானோடு ஒப்பிட்டால் அயனி ஒரு யானை. அதனால் வேகமாக ஓட முடியாது. வழியிலேயே நேர்மின் அயனிகளோடு சேர்ந்து மின்சுமையை இழந்துவிடும். விளைவு, மின்னோட்டம் சட்டென்று குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, எத்தனை மூலக்கூறுகள் நுழைந்தன என்று கணக்கிடலாம்.

இதன் கூர்மைக்குக் காரணம் என்ன தெரியுமா? பெரும்பாலானவற்றுக்கு இக்கருவி செவிடு! எண்ணெய்ப் பொருள்களின் ஹைட்ரோகார்பன்கள் எவ்வளவு வந்தாலும் ஏறிட்டும் பார்க்காது. திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருந்தாலும், தன் குழந்தையின் அழுகையை மட்டும் தாயின் காது பிரித்தெடுக்கிறதல்லவா, அதைப்போல. எல்லாவற்றையும் கேட்கும் காது நுட்பமான காது என்று நாம் நினைக்கிறோம். எதைக் கேட்காமல் விடவேண்டும் என்று தெரிந்த காதே நுட்பமானது. காற்றில் உள்ள பல பொருள்களையும் முதலில் ஒரு நீண்ட குழலில் செலுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரச் செய்துவிட்டால் வேலை இன்னும் எளிது. அதற்கான வாயு வண்ணப்பிரிகை முறையை அதே ஆராய்ச்சி நிலையத்தில் ஜேம்ஸும் மார்ட்டினும் 1952-லேயே செய்து காட்டியிருந்தார்கள்.

டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளில் குளோரின் உண்டு. ஆகவே 1960களில் உணவிலும் உயிரினங்களின் உடலிலும் அவற்றின் எச்சத்தைக் காட்டிக்கொடுத்தது இக்கருவி. ஆனால் இதன் பெரிய வேலை கடலில் நடந்தது.

குளிர்சாதனப் பெட்டிகளிலும், தெளிப்பான்களிலும், நுரைப்பொருள்களிலும் அன்று பயன்பட்டவை குளோரோ ஃப்ளூரோ கார்பன்கள். இவை எரியாதவை, நச்சற்றவை, எதனோடும் வினைபுரியாதவை. வெளியேறிய பின் இவை எங்கே போகின்றன என்று யாரும் கவலைப்படவில்லை. லவ்லாக்குக்கு மட்டும் ஓர் ஆவல். உலகின் காற்று முழுவதும் இவை பரவியிருக்கின்றனவா என்று பார்க்க நிதி உதவி கேட்டு விண்ணப்பித்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. தம் வீட்டு ஆய்வுக்கூடத்தில் தாமே கருவியைச் செய்து, ‘ஷாக்கிள்டன்’ என்ற ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்றினார். 1971-72ல் அக்கப்பல் பிரிட்டனிலிருந்து அன்டார்க்டிகா சென்று திரும்பியது. வழி நெடுகிலும் காற்று சோதிக்கப்பட்டது. தொழிற்சாலைகளே இல்லாத தென்கடலின் நடுவிலும் சி.எஃப்.சி.-11 என்ற வாயு இருந்தது! அளவு, லட்சம் கோடியில் சுமார் 50 பங்கு. மேலே சொன்ன கணக்குப்படி ஒரு கன சென்டிமீட்டரில் 135 கோடி மூலக்கூறுகள்.

இங்கேதான் கதை சுவையாகிறது. 1973-ல் இம்முடிவுகளை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட லவ்லாக், இவற்றால் எந்தத் தீங்கும் நேரும் என்று எண்ண இடமில்லை என்று எழுதினார். தரையில் நின்று மூச்சு விடுபவருக்கு அந்த அளவால் தீங்கில்லை என்பது உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டே ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் வேறொரு கேள்வி கேட்டார்கள். எதனோடும் வினைபுரியாத வாயு கடைசியில் எங்கே அழியும்? மேலே, மேலே, அடுக்கு மண்டலத்துக்குப் போய்த்தான். அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதை உடைக்கும். விடுபட்ட ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். லட்சம் கோடியில் 50 பங்கு என்ற அந்த அற்ப அளவு, பூமியின் குடையையே கிழிக்கக்கூடியது என்று தெரிந்தது. இவ்விருவருக்கும் பால் குரூட்சனுக்கும் 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவி கண்டதைச் சொல்லிவிட்டது. அதன் பொருளைச் சொல்வது கருவியின் வேலையல்ல. கருவியைச் செய்தவருக்கே அந்தப் பொருள் தப்பிவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். இதனால் லவ்லாக்கின் பெருமை என் கண்ணில் இம்மியும் குறையவில்லை. அவர் அளந்து வைக்காவிட்டால் ரோலண்டுக்கும் மொலினாவுக்கும் கேட்கக் கேள்வியே இருந்திராது. கோட்பாடு வகுத்தவர்களைக் கொண்டாடுகிறோம், சரிதான். அளவைக் கருவி செய்தவர்களையும் அதே வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அடுத்து இன்னொரு கருவி. இது அவ்வளவு கூர்மையானதுகூட அல்ல. 1920களில் கார்டன் டாப்சன் என்பவர் வடிவமைத்த ஓசோன் அளவி. சூரிய ஒளியில் ஓசோன் உறிஞ்சும் புற ஊதாக் கதிர் ஒன்றையும், அதிகம் உறிஞ்சாத இன்னொன்றையும் ஒப்பிட்டு, தலைக்கு மேலே ஓசோன் எவ்வளவு என்று சொல்லும். அன்டார்க்டிகாவின் ஹாலி விரிகுடாவில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950களின் இறுதியிலிருந்து ஆண்டு தவறாமல் இதைக் கொண்டு அளந்து வந்தார்கள். மிகவும் அலுப்பூட்டும் வேலை! ஆனால் 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் அந்த அளவுகளை வெளியிட்டபோது உலகம் அதிர்ந்தது. அக்டோபர் மாத ஓசோன் அளவு 300 அலகுகள் அளவிலிருந்து 200க்கும் கீழே விழுந்திருந்தது.

அப்போது வானில் நிம்பஸ்-7 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், உலகம் முழுவதும் ஓசோனை அளந்துகொண்டுதான் இருந்தது. அதன் கண்ணுக்கும் அந்தப் பள்ளம் பட்டது. ஆனால் 180 அலகுக்குக் குறைந்த அளவுகள் வந்தால் அவை ஐயத்துக்குரியவை என்று குறியிட்டு ஒதுக்கும்படி கணிப்பொறிக்குக் கட்டளை இடப்பட்டிருந்தது. அவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்பது அன்றைய எண்ணம். பின்னர் அந்தப் புள்ளிவிவரங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது பள்ளம் முழு உருவத்தோடு அதில் இருந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் செய்முறைக் குறிப்பேடுகள் நினைவுக்கு வருகின்றன. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். குறிப்பேட்டைத் திருத்த உட்கார்ந்தால் ஐம்பது மாணவருக்கும் 9.8! நூல் நீளம் வேறு, நிறுத்து கடிகாரம் வேறு, கை வேறு. விடை மட்டும் ஒன்று. 9.4 வந்த மாணவன் என்ன செய்கிறான்? கணக்கைப் பின்னாலிருந்து போட்டு, அலைவு நேரத்தைச் ‘சரி’ செய்துவிடுகிறான். நிம்பஸ் கணிப்பொறிக்கு இட்ட கட்டளையை அவனே தனக்கு இட்டுக்கொள்கிறான். கணிப்பொறியாவது அளவை அழிக்காமல் குறியிட்டு வைத்தது. இவன் அழித்தே விடுகிறான்! மாணவனை மட்டும் குறை சொல்ல நான் தயாராக இல்லை. புத்தக விடையோடு ஒத்துப்போனால்தான் மதிப்பெண் என்று வைத்திருப்பவர்கள் நாங்கள் அல்லவா?

“தவறான விடைக்கும் மதிப்பெண் கொடுத்தால் ஒழுங்காகச் செய்முறை செய்ய யார் முனைவார்கள்?” என்று என் சக ஆசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நான் சொல்வது, வெறும் 9.4-க்கு மதிப்பெண் கொடுங்கள் என்பதல்ல. 9.4 வந்தது, நூல் நீளத்தில் இவ்வளவு பிழை நேரலாம், நேரத்தில் இவ்வளவு நேரலாம், ஆகவே உண்மை மதிப்பு இந்த எல்லைக்கும் இந்த எல்லைக்கும் இடையில் இருக்கலாம் என்று எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். எல்லைக்கு வெளியே 9.8 விழுந்தால், ஏன் என்று தேடச் சொல்லுங்கள். ஊசல் குண்டின் மையம்வரை அளக்காமல் உச்சிவரை மட்டும் நூலை அளந்திருப்பான். அந்தத் தேடல்தான் பாடம்.

இனி விண்வெளிக்குப் போவோம். 1976-ல் அமெரிக்காவின் இரு வைக்கிங் கலங்கள் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கின. அங்குள்ள மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கி, கிளம்பும் ஆவியை வண்ணப்பிரிகைக் குழலிலும் நிறை நிறமாலைமானியிலும் செலுத்திப் பார்த்தார்கள். நூறு கோடியில் சில பங்கு கரிமப்பொருள் இருந்தாலும் காட்டக்கூடிய கருவி. செவ்வாய்க்கே உரிய கரிமப்பொருள் எதுவும் அகப்படவில்லை. குளோரோமீத்தேன் போன்ற ஓரிரு குளோரின் சேர்மங்கள் சிறிதளவு தெரிந்தன. அவை பூமியில் கருவியைக் கழுவிய திரவத்தின் எச்சம் என்று கருதப்பட்டது. செவ்வாய் மண்ணில் கரிமப்பொருள் இல்லை என்ற முடிவு நிலைத்தது. அதன் பின் அடுத்த கலம் அக்கிரகத்தில் இறங்க இருபது ஆண்டுகள் ஆயின.

2008-ல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதைக் கண்டது. உங்கள் வேதியியல் ஆசிரியரைக் கேளுங்கள், பெர்குளோரேட்டைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று. ஆக்சிஜன் கிளம்பும். பக்கத்தில் கரிமப்பொருள் இருந்தால் எரிந்துபோகும்; மிச்சம் மீதி குளோரினோடு சேரும். அப்படியானால் வைக்கிங் கருவி, தான் தேடியதைத் தானே சுட்டெரித்திருக்கலாம்! 2010-ல் ஆய்வாளர்கள் சிலர் தென்னமெரிக்காவின் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கிப் பார்த்தபோது, குளோரோமீத்தேன் வகைகள் கிளம்பின. வைக்கிங் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கிளாஸ் பீமன் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. அவருக்கும் தக்க காரணங்கள் இருந்தன. வழக்கு அங்கேயே நின்றாலும், தேடல் நிற்கவில்லை. க்யூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் பழமையான சேற்றுப்பாறையில் கரிமப்பொருள்களைக் கண்டதாக 2018-ல் அறிவித்தார்கள். 2025-ல் பத்து முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலிகளும் தெரிந்தன. இவை உயிரின் அடையாளம் என்று யாரும் சொல்லிவிடவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ‘இல்லை’ என்ற பழைய சொல் செல்லாததாகிவிட்டது. எனவே, எவ்வளவு குறைவாகக் காண முடியும் என்று கேட்பது மட்டும் போதாது. காணும் முயற்சியிலேயே பொருளைக் குலைத்துவிடுகிறோமா என்றும் கேட்க வேண்டும்.

மீத்தேன் விஷயத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை. க்யூரியாசிட்டியில் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குழல் இருக்கிறது. இரு முனையிலும் கண்ணாடிகள். லேசர் கதிர் அவற்றுக்கிடையே 81 முறை ஓடி, 16.8 மீட்டர் பயணம் செய்கிறது. பாதை நீளமானால் கொஞ்சம் மீத்தேன்கூடக் கதிரைக் கவனிக்கத்தக்க அளவு உறிஞ்சிவிடும் என்பது உபாயம். அது நூறு கோடியில் அரைப் பங்குக்கும் சற்றுக் குறைவான மீத்தேனைக் கண்டது; பருவத்துக்குப் பருவம் அளவு ஏறி இறங்குவதையும் கண்டது. ஆனால் செவ்வாயைச் சுற்றிவரும் ஐரோப்பிய-ருஷ்யக் கலத்தின் கருவிகளோ, நூறு கோடியில் 0.05 பங்குகூட இல்லை என்று 2019-ல் அறிவித்தன. யார் சொல்வது சரி? ஒருவர் இரவில் தரையோரம் மோப்பம் பிடிக்கிறார்; மற்றவர் தரைக்குச் சில கிலோமீட்டர் மேலே காற்றைக் கடந்துவரும் சூரிய ஒளியைப் பார்க்கிறார். அது ஒரு காரணமாகலாம். க்யூரியாசிட்டி கருவியின் முன்னறையில் புறப்படும்போதே பூமியின் காற்று சிறிது புகுந்து விட்டிருந்தது. அதைக் கழித்துத்தான் கணக்கிடுகிறார்கள், ஆனாலும் ஐயம் எழுப்புகிறவர்கள் உண்டு. நம் மூக்கின்மேல் ஒட்டிய சந்தன வாசத்தோடு ஊரெல்லாம் சந்தனம் தேடிய கதையாகிவிடக் கூடாதல்லவா!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்களானால், பூமிக்கே திரும்பி வருவோம். 1987-ல் கையெழுத்தான மான்ட்ரீல் உடன்படிக்கையின்படி 2010-க்குள் உலகெங்கும் சி.எஃப்.சி. உற்பத்தி நின்றிருக்க வேண்டும். நின்றதா என்று யார் பார்ப்பது? எந்த நாடும் தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுக்காது. அயர்லாந்து, பார்படோஸ், சமோவா, டாஸ்மேனியா என்று பல இடங்களில் 1978 முதல் லவ்லாக்கின் உணர்கருவியோடு தொடங்கிய காற்றுக் கண்காணிப்பு, இன்று மேலும் நுட்பமான கருவிகளோடு தொடர்கிறது. இதேபோன்ற அமெரிக்க நிலையங்களின் அளவுகளைப் பார்த்தவர்கள், சி.எஃப்.சி.-11 குறையும் வேகம் 2012-க்குப் பிறகு பாதியாகிவிட்டதை 2018-ல் அறிவித்தார்கள். அளவு ஏறக்கூட இல்லை. குறைவது மந்தமாயிற்று, அவ்வளவுதான்! அடுத்த ஆண்டே கொரியா, ஜப்பான் தீவுகளின் நிலையங்களில் வீசிய காற்றைக் கொண்டு கிழக்குச் சீனாவின் ஷான்டாங், ஹெபெய் மாநிலங்கள் பக்கம் விரல் நீண்டது. ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் கூடுதலாக வெளியாகிறது என்று கணக்கிட்டார்கள். சீன அரசு சோதனைகளை முடுக்கிவிட்டது. 2021-ல் வந்த முடிவுகள் அந்த வாயு மீண்டும் பழைய வேகத்தில் குறையத் தொடங்கியதைக் காட்டின. லட்சம் கோடியில் ஒரு பங்கை எண்ணத் தெரிந்த கருவிதான் அந்த உடன்படிக்கைக்குக் காவலாளி. காவலாளிக்குக் கூலி கொடுக்கச் சலித்துக்கொள்ளும் அரசுகளை நான் எந்தக் காலத்திலும் ஆதரிக்கமாட்டேன். ஆண்டுக்காண்டு ஒரே அளவை எடுக்கும் நிலையத்துக்குப் பணம் தருவதைவிடப் புதிய கட்டடத்துக்குக் கல் நாட்டுவது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது.

நீங்கள் விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒரு லிட்டர் வாலைவடிநீரில் கரையுங்கள். குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள அழுக்கே நிறத்தைக் கெடுத்துவிடும். கரைசலில் 10 மி.லி. எடுத்து, வாலைவடிநீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். இது இரண்டாவது முகவை. அதிலிருந்து 10 மி.லி. எடுத்து மூன்றாவது முகவை. இப்படியே ஏழு வரை போங்கள். ஒவ்வொரு முறையும் பொருள் பத்தில் ஒன்றாகிறது. எந்த முகவையில் ஊதா நிறம் மறைகிறது? நீங்களே பார்த்துச் சொல்லாதீர்கள். வரிசையைக் கலைத்து, நடுவே வெறும் நீர் உள்ள முகவைகள் இரண்டையும் வைத்து, எது எதுவென்று தெரியாத ஒரு நண்பனைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நிறம் தெரியாத கரைசலை ஓர் உயரமான கண்ணாடி அளவுசாடியில் ஊற்றி, அடியில் வெள்ளைத்தாள் வைத்து, மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். செவ்வாயில் லேசர் 81 முறை ஓடுவது எதற்காக என்று அப்போது விளங்கும். கையில் கறை பட்டால் சில நாள் போகாது, எச்சரிக்கை. குறிப்பேட்டில் ஏழாம் முகவைக்கு எதிரே ‘நிறம் இல்லை’ என்று எழுதவேண்டாம். ‘என் நண்பன் கண்ணுக்கு, இத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில், தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.